அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வருமா?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடிக் குடியிருப்பின் ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். மூன்றாம் மாடி அக்கா சென்ற தை மாதம் ஒரு நாள் படியேறி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “தம்பி, நீர் விஞ்ஞானம் எழுதுகிறவர்தானே? இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு மனநோய் வந்தால் மற்றவருக்கும் வருமா? ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் சொல்லும், போதும்” என்றார்.

அவருடைய மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு 34 வயது, கணக்காளர், கொட்டாஞ்சேனைக் குடும்பம். சாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். தரகர் கொடுத்த குறிப்பில் ‘அண்ணன் ஒருவர்’ என்று மட்டும் இருந்தது. விசாரித்தபோதுதான் அந்த அண்ணன் ஏழு நிமிடம் முன்னால் பிறந்தவர், உருவத்தில் அச்சொட்டாகத் தம்பியைப் போலவே இருப்பவர் என்பது தெரியவந்தது. 21 வயதில் நோய்வாய்ப்பட்டவர், இன்றுவரை மாதாமாதம் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்கிறார். (ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒரு சொல்லில் பதில் இல்லை என்றேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்று சொன்னதையும், தேநீர் ஆறிப்போனதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நோயின் பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. இலங்கையில் உளப்பிளவை என்கிறோம், தமிழகத்தில் மனச்சிதைவு என்கிறார்கள். ஸ்கிட்சோஃப்ரீனியா என்ற சொல்லை 1908இல் முன்வைத்தவர் சுவிற்சர்லாந்து மருத்துவர் ஒய்கன் ப்ளாய்லர். எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையிலான பிணைப்புத் தளர்ந்துபோகிறது என்பதே அவர் சொல்ல வந்தது. ‘பிளவு’ என்றதும் ஒரே உடலில் இரண்டு ஆட்கள் குடியிருப்பதாக நம் ஆட்கள் எண்ணிக்கொண்டார்கள், திரைப்படங்களும் அதற்குத் துணைபோயின. அது வேறு விடயம். இந்நோயில் யாரும் பேசாதபோது குரல்கள் கேட்கும், பக்கத்து வீட்டார் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை எழும், பேச்சின் கோர்வை அறுந்துபோகும். பிறகு ஆள் மெல்ல மெல்ல ஒதுங்குவார், குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும்கூட மனம் வராது. பெயரால் வரும் தீங்கைக் கண்டு ஜப்பான் 2002இல் இந்நோயின் பெயரையே மாற்றிவிட்டது. கொரியர்கள் பின்னர் சூட்டிய பெயருக்கு நரம்பிசைக் கருவிக்குச் சுருதி கூட்டுவது என்ற கருத்து அடிப்படை. வீணையைத் தெரிந்த நமக்கு அப்படியொரு பெயர் தோன்றாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

சரி, இரட்டையருக்கு வருவோம். ஒரே கருமுட்டை ஒரே விந்தணுவால் கருவுற்று, பிறகு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்கள் ஒருகரு இரட்டையர். இரண்டு முட்டைகள் தனித்தனியே கருவுற்றுப் பிறப்பவர்கள் இருகரு இரட்டையர். முன்னவர்களின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ ஒன்றே. பின்னவர்கள் சாதாரண அண்ணன் தம்பி, அக்கா தங்கை போலச் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வயிற்றில் ஒரே காலத்தில் இருந்து ஒரே வீட்டில் வளர்கிறார்கள். ஆகவே ஒரு நோய் ஒருகரு இரட்டையர் இருவருக்கும் சேர்ந்து வருவது இருகரு இரட்டையரைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் மரபிலிருந்து வந்திருக்க வேண்டும். இரட்டையர் ஆய்வு முழுவதும் இந்த ஒரு தருக்கத்தின் மேல்தான் நிற்கிறது. (சோதிடர்களுக்கும் இரட்டையர் ஒரு சங்கடம்தான். இலக்கினம் மாற ஏறத்தாழ இரண்டு மணி நேரம், நவாம்சம் மாறப் பதின்மூன்று நிமிடம். ஏழு நிமிட இடைவெளியில் பிறந்த இந்தச் சகோதரர்கள் இருவருக்கும் ஒரே கட்டம்தான் எழுதப்பட்டிருக்கிறது.)

இந்தக் கணக்கை உளப்பிளவைக்கு முதலில் ஒழுங்காகப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் மியூனிக் நகரின் ஹான்ஸ் லக்சன்பர்கர், 1928இல். பிறகு ஜெர்மனியிலிருந்து வெளியேறி நியூயோர்க்கில் பணியாற்றிய ஃபிரான்ஸ் கால்மன் 1946இல் வெளியிட்ட எண் உலகையே திடுக்கிட வைத்தது. ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது 69 சதவீதம், வயதுக்கேற்பத் திருத்தினால் 86 சதவீதம் என்றார். பாடநூல்கள் பல ஆண்டுகள் இதையே ஓதின. ஆனால் 1963இல் பின்லாந்தின் பெக்கா தியெனாரி 16 ஒருகரு இணைகளைப் பார்த்து எழுதிய முதல் அறிக்கையில், இருவருக்கும் நோய் வந்த இணை ஒன்றுகூட இல்லை. எண்பத்தாறு எங்கே, பூச்சியம் எங்கே!

இத்தனை வேறுபாட்டுக்குக் காரணம் எண்ணுகிற முறை. பெரிய மனநோய் வைத்தியசாலைகளில் நெடுங்காலமாகக் கிடப்பவர்களிடையே இரட்டையரைத் தேடினால் கடுமையான நோயாளரே கிடைப்பார்கள். இருவரும் நோயுற்ற இணை கண்ணில் பட்டுவிடும், ஒருவர் மட்டும் நோயுற்ற இணை தப்பிவிடும். ஒருகருவா இருகருவா என்று தீர்மானிப்பவரும் நோயா இல்லையா என்று தீர்மானிப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், அவருடைய எதிர்பார்ப்பும் கணக்கில் ஏறிவிடும். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் எலியட் ஸ்லேற்றர் 1948இல் ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்கினார்: வருகிற நோயாளர் ஒவ்வொருவரிடமும் ‘நீங்கள் இரட்டையரில் ஒருவரா?’ என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதிவைப்பது. அந்தப் பதிவேட்டை வைத்து ஏர்விங் கொட்டஸ்மனும் ஜேம்ஸ் ஷீல்ட்ஸும் 1960களில் செய்த ஆய்வில் எண் பாதிக்கு அருகே இறங்கியது. 1991இல் கொட்டஸ்மன் ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்துத் தந்த எண்கள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன: பொதுமக்களில் 1 சதவீதம், நோயுற்றவரின் உடன்பிறந்தோரில் 9, இருகரு இரட்டையரில் 17, ஒருகரு இரட்டையரில் 48.

இதற்குப் பின்னும் எண் இறங்கியது. டென்மார்க்கில் 1951 முதல் 2000 வரை பிறந்த 31,524 இரட்டை இணைகளை நாட்டின் நோய்ப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், ஒருகரு இரட்டையரில் 33 சதவீதம், இருகரு இரட்டையரில் 7 சதவீதம். வைத்தியசாலை வாசலில் நிற்காமல் நாடு முழுவதையும் எண்ணும்போது இப்படித்தான் வருகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து இணைகளில் நான்கில் இருவருக்கும் நோய், ஆறில் ஒருவருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். இணைகளை எண்ணினால் பத்தில் நான்கு, 40 சதவீதம். ஆட்களை எண்ணினால் நோயாளர் 14 பேர், அவர்களில் 8 பேருக்கு நோயுற்ற இரட்டையர் இருக்கிறார், ஆகவே 57 சதவீதம். ஒரே தரவுதான். அக்கா கேட்ட கேள்விக்குப் பொருந்துவது இரண்டாவது முறை, ஏனென்றால் அவர் ஒரு நோயாளியை முன்வைத்து மற்றவரைப் பற்றிக் கேட்கிறார். பத்திரிகைகளில் ஒருநாள் ‘40’ என்றும் மறுநாள் ‘57’ என்றும் வருவதில் பாதிக் குழப்பம் இதனால்தான்.

கால்மன் பயின்ற ஆய்வு மரபின் நிழல் இதைவிட இருண்டது. அவருக்கு ஆசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் ரூடின், 1933இல் நாஜி அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் பின்னால் நின்றவர்களில் ஒருவர். அச்சட்டம் பெயர் சொல்லிக் குறித்த நோய்களில் உளப்பிளவையும் ஒன்று. 1939க்குப் பிறகு நோயாளரைக் கொல்லவே தொடங்கினார்கள். இரத்தத்திலிருந்து நோயைத் துடைத்துவிடலாம் என்ற எண்ணத்தை ஒரு நாடு இவ்வளவு கொடூரமாகச் செயற்படுத்தியும், போருக்குப் பின் ஜெர்மனியில் புதிதாக நோயுறுவோர் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி விழவில்லை. காரணம் எளிது. நோயுற்றவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில் தாய், தந்தை இருவருக்குமே அந்நோய் இருந்ததில்லை. கல்யாணப் பேச்சில் ‘பரம்பரையில் உண்டா?’ என்று துருவுகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது படிக்க வேண்டும்.

அப்படியானால் மரபுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, அதுவும் பெரிய பங்கு. மேலே சொன்ன டென்மார்க் ஆய்வே மரபின் பங்கை 79 சதவீதம் என்று மதிப்பிடுகிறது. அக்கா இந்த இடத்தில் என்னை மடக்கினார்: “மூன்றில் ஒருவருக்குத்தான் வரும் என்கிறீர், பிறகு எண்பது வீதம் பரம்பரை என்கிறீர். எது சரி?”

இரண்டும் சரி. மழை நாட்களில் வானொலியில் ‘நாகலகம் வீதியில் களனி கங்கையின் நீர்மட்டம்’ என்று வாசிப்பார்கள் அல்லவா? நீர்மட்டம் அங்குலம் அங்குலமாக ஏறுகிறது. வெள்ளமோ இருக்கும் அல்லது இருக்காது, அணைக்கட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றால் கொலன்னாவைக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். உளப்பிளவைக்கும் இப்படி ஒரு நீர்மட்டம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மலைநாட்டு மழை போல மரபு அதை ஏற்றுகிறது. அடைபட்ட வாய்க்காலும் நிரவப்பட்ட சதுப்பு நிலமும் போல மற்றவையும் ஏற்றுகின்றன. அணைக்கட்டு மிக உயரத்தில் இருப்பதால் நூற்றில் ஒருவருக்கே அது உடைகிறது. ஒருகரு இரட்டையர் இருவரின் நீர்மட்டமும் அருகருகேதான் இருக்கும், அதைத்தான் 79 என்ற எண் சொல்கிறது. ஆனால் ஒருவருக்கு விளிம்பைத் தாண்டி வழிந்தபோது மற்றவருக்கு விளிம்பின் கீழே நின்றுவிடுவது சர்வ சாதாரணம். கொட்டஸ்மனும் ஷீல்ட்ஸும் 1967இல் இந்தக் கருத்தை இந்நோய்க்குப் பொருத்தினார்கள், கங்கை உவமை மட்டும் என்னுடையது.

இன்னொரு தவறும் இந்த 79ஐச் சுற்றி நடக்கிறது. ‘என் மகனின் நோயில் 79 பங்கு இரத்தத்தால், 21 பங்கு வளர்ப்பால்’ என்று ஒரு தகப்பன் என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்படிப் பிரிக்க முடியாது. அந்த எண் ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டைப் பற்றியது, தனி ஆளைப் பற்றியதல்ல. கழுத்துக் கழலையை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயம் ஒரு காலத்தில் கழலைக்குப் பேர்போனது, அயோடின் குறைவு காரணம். எந்த ஊரில் பிறந்தார் என்பதே பெருமளவு தீர்மானித்தது. 1995இல் உப்புக்கு அயோடின் சேர்ப்பது நாடு முழுவதும் சட்டமானது. எல்லோரும் ஒரே உப்பைச் சாப்பிடத் தொடங்கினால் ஊர் வேறுபாடு கரைந்து, எஞ்சும் தைரொயிட் நோய்களில் பரம்பரையின் பங்கு கூடியதாகத் தெரியும். மரபணு மாறவில்லை, உப்புத்தான் மாறியது. டென்மார்க் போலப் பள்ளிக்கூடமும் மருத்துவமும் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே தரத்தில் கிடைக்கும் நாட்டில் பெற்ற எண்ணைக் கொட்டாஞ்சேனைக்கு அப்படியே இறக்குமதி செய்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இறக்குமதி செய்யாமலே கொழும்பிலும் இரட்டையர் ஆய்வு நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வைத்தியர் அதுல சுமதிபால 1997இல் தொடங்கிய இலங்கை இரட்டையர் பதிவேட்டின் வழியாக, லண்டன் கிங்ஸ் கல்லூரியுடன் சேர்ந்து, 2005 முதல் 2007 வரை கொழும்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 4,000 இரட்டையரையும் 2,000 தனியரையும் சந்தித்துக் கேட்டார்கள். அவர்கள் முதன்மையாகத் தேடியது மனச்சோர்வு, நாட்பட்ட களைப்பு, மதுப் பழக்கம் போன்றவற்றை. மனச்சோர்வில் மரபின் பங்கு ஆண்களைவிடப் பெண்களிடம் வலுவாகத் தெரிந்தது. ஒரே நகரத்தில், ஒரே நோய்க்கு, ஆணுக்கு ஓர் எண் பெண்ணுக்கு வேறு எண் என்றால், ‘பரம்பரை இத்தனை சதவீதம்’ என்பது கல்லில் வெட்டிய எழுத்தல்ல என்பது விளங்கும்.

மரபணு ஒன்றே என்றால் அண்ணன் ஏன் நோயுற்றார், தம்பி ஏன் தப்பினார்? எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் சுவையான பகுதி. பதிலின் முதல் பாதி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஒரே கருப்பை என்கிறோம், ஆனால் அதற்குள் இருவருக்கும் ஒரே இடம் கிடைப்பதில்லை. கருவுற்ற முதல் மூன்று நாட்களுக்குள் முட்டை பிரிந்தால் இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி. அதன் பிறகு பிரிந்தால் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்வார்கள். ஒருகரு இரட்டையரில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்த இரண்டாம் வகை. ஒரே நஞ்சுக்கொடி என்றால் ஒரே இலையில் இருவருக்குச் சோறு போட்டது போல, ஒருவர் பக்கம் கூடும், மற்றவர் பக்கம் குறையும். தாயிடமிருந்து தொற்று வந்தால் இருவருக்கும் எளிதில் போய்ச் சேரும். பிறக்கும்போது இரண்டாவது வருபவருக்குச் சில நிமிடம் பிராணவாயு குறையலாம். கருக்காலத்திலும் பிறப்பிலும் ஏற்படும் இத்தகைய சிக்கல்கள் பின்னாளில் உளப்பிளவையின் ஆபத்தைச் சற்றுக் கூட்டுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ‘சற்று’ என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், எடை குறைந்து பிறந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்நோய் வருவதே இல்லை.

விரல் ரேகையைப் பாருங்கள். ஒருகரு இரட்டையர்தான் என்றாலும் இருவரின் ரேகையும் ஒன்றாக இருக்காது. தாயின் வயிற்றில் மூன்றாம், நான்காம் மாதங்களில் விரல் நுனி எப்படி வீங்கியிருந்தது, எதில் உரசியது என்பதெல்லாம் அதில் பதிந்துவிடுகிறது. 1992இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு இதையே துப்பாகப் பயன்படுத்தியது. ஒருவர் மட்டும் நோயுற்ற 23 ஒருகரு இணைகளின் விரல் ரேகைகளை எண்ணிப் பார்த்தபோது, இருவரும் நலமாக இருந்த இணைகளைவிட இவர்களுக்கிடையே வேறுபாடு கூடுதலாக இருந்தது. இருபது ஆண்டு கழித்து வெளிப்படப்போகும் நோய்க்கான வழி, கருவின் நான்காம் மாதத்திலேயே சிறிதளவு திறந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு.

மூளையிலும் தடயம் உண்டு. 1990இல் ஒருவர் மட்டும் நோயுற்ற 15 ஒருகரு இணைகளுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். யார் நோயாளி என்று சொல்லாமல் படங்களை மட்டும் காட்டியபோது, 12 இணைகளில் நோயுற்றவரைச் சரியாகச் சுட்டிக்காட்ட முடிந்தது. அவருடைய மூளையின் நீரறைகள் சற்று விரிந்திருந்தன. தனியாகப் பார்த்தால் அந்தப் படம் சாதாரணமானதாகவே தோன்றியிருக்கும். பக்கத்தில் இரட்டையரின் படம் இருந்ததால்தான் குறை தெரிந்தது.

மரபணுத் தொகுதி ‘ஏறத்தாழ’ ஒன்று என்று மேலே எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. கரு வளரத் தொடங்கும்போதே பிரதியெடுப்பில் சிறு பிழைகள் நுழைகின்றன. ஐஸ்லாந்தில் 2021இல் வெளியான ஆய்வின்படி ஒருகரு இரட்டையர் இருவருக்கும் இடையே சராசரியாக ஐந்து இத்தகைய தொடக்ககால மாற்றங்கள் உண்டு. அதைவிடப் பெரியது, மரபணுக்கள் எவை திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்ற வேறுபாடு. ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளில் வெவ்வேறு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருப்பது போல அது. வயது ஏற ஏற இந்த வேறுபாடு கூடுகிறது.

எந்த மரபணு என்று அக்கா கேட்டார். ஒன்றல்ல. உலகளாவிய ஒப்பீட்டில் 2014இல் 108 இடங்களும், 2022இல் 287 இடங்களும் மரபணுத் தொகுதியில் அடையாளம் காணப்பட்டன. ஒவ்வொன்றும் நீர்மட்டத்தை மயிரிழை அளவே ஏற்றுகிறது, அவற்றில் பல உங்களிடமும் என்னிடமும் இருக்கும். 2016இல் சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள், மூளை நரம்பு இணைப்புகளைக் கத்தரிக்கும் வேலையோடு தொடர்புடையவை என்று காட்டினார்கள். பதின்பருவத்தில் தேவையற்ற இணைப்புகளை வெட்டிச் சீராக்குவது எல்லா மூளைகளிலும் நடக்கும் வேலை. அது அளவு மீறினால் என்ன ஆகும் என்பது, இந்நோய் ஏன் உயர்தரப் பரீட்சை வயதில் தொடங்கி இருபதுகளின் நடுவில் உச்சம் காண்கிறது என்ற புதிருக்கு ஒரு திறவுகோலாக இருக்கலாம். சில வேளை தனியொரு மாற்றமே பாரமாக அமைவதும் உண்டு. 22ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் நால்வரில் ஒருவரளவில் நோயுறுகிறார்கள். அது அரிது.

பிறந்த பிறகு? இங்கே எழுத நிறைய இருந்தாலும் உறுதியாகச் சொல்லக்கூடியவை சிலவே. சுவீடனில் இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து பார்த்து 1987இல் வெளியான ஆய்வில், ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்ததாகச் சொன்னவர்களுக்கு ஆபத்து ஆறு மடங்கு. நோய் வரும் வழியில் இருப்பவர்களே கஞ்சாவை நாடுகிறார்களா என்ற சந்தேகத்தைக் கழித்தாலும் கொஞ்சம் மிஞ்சுகிறது. நகரத்தில் பிறந்து வளர்வது ஆபத்தைக் கூட்டுவதை டென்மார்க்கின் பதிவேடுகள் காட்டின. கருவில் இருந்தபோது தாய் பட்டினி கிடந்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காவதை, நெதர்லாந்தின் 1944–45 பஞ்சமும் சீனாவின் 1959–61 பஞ்சமும் காட்டின. புலம்பெயர்வும் அப்படித்தான். 1932இலேயே, அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நோர்வேக்காரரிடம் இந்நோய் கூடுதல் என்று ஊர்னுல்வ் ஓடகார்ட் எழுதினார். பிறகு பிரித்தானியாவில் கரீபியக் குடும்பங்களில், அதுவும் அங்கேயே பிறந்த இரண்டாம் தலைமுறையிலும், விகிதம் பல மடங்கு கூடியிருந்தது. கரீபியத் தீவுகளிலோ அப்படி இல்லை. ஒரே பரம்பரை, வேறு தெரு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் வெள்ளவத்தைப் பெற்றோருக்கு இது வேறெங்கோ நடந்த கதை அல்ல.

வளர்ப்பைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். 1948இல் உளப்பகுப்பாய்வாளர் ஒருவர் ‘நோயை உண்டாக்கும் தாய்’ என்றொரு கருத்தை அறிமுகப்படுத்தி, ஒரு தலைமுறைத் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். நம் ஊரில் அதற்குக் கோட்பாடே தேவைப்படவில்லை, ‘தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்தாள்’ என்றால் போதும். அதைத் தகர்த்தது தத்துப்பிள்ளைகள் பற்றிய ஆய்வு. லெனார்ட் ஹெஸ்டன் 1966இல், நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பார்த்தார். ஐவர் நோயுற்றிருந்தார்கள். நோயற்ற தாய்மாருக்குப் பிறந்து அதேபோல் வளர்ந்த 50 பேரில் ஒருவரும் இல்லை. இரட்டையரை எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தி ஒரே மாதிரி நடத்துவதால்தான் அவர்கள் ஒத்திருக்கிறார்கள் என்ற வாதத்துக்கும் இது ஒரு மறுமொழி. ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. பின்லாந்தின் தியெனாரி பிற்காலத்தில் தத்துக் குடும்பங்களுக்குள்ளேயே போய்ப் பார்த்தார். மரபுவழி ஆபத்து உள்ள பிள்ளை ஓயாத சண்டை சச்சரவுள்ள வீட்டில் வளர்ந்தால் பாதிப்புக் கூடியது, அமைதியான வீட்டில் வளர்ந்தால் அது பெரும்பாலும் தலைதூக்கவில்லை. ஆபத்து இல்லாத பிள்ளைகளுக்கோ சண்டை வீடும் இந்நோயைக் கொண்டுவரவில்லை.

அமெரிக்காவில் 1930இல் பிறந்த நான்கு சகோதரிகளின் கதையில் இந்த இரண்டு பக்கமும் ஒன்றாகவே கிடக்கின்றன. ஒரே கருவிலிருந்து நால்வர். தேசிய மனநல நிறுவனத்தில் அவர்களை ஆராய்ந்த டேவிட் ரோசந்தால், அந்த நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்க எழுத்துகளைக் கொண்டே நோரா, ஐரிஸ், மைரா, ஹெஸ்டர் என்று புனைபெயர் சூட்டினார். நால்வருக்கும் நோய் வந்தது. மரபு என்பவர்கள் கைதட்டினார்கள். ஆனால் மைரா மணமுடித்துப் பிள்ளைகள் பெற்று வேலைக்கும் போனார். பிறக்கும்போதே மிகச் சிறியவராக இருந்த ஹெஸ்டரோ பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. தகப்பன் கொடுமைக்காரர், வீட்டில் நால்வரையும் ஒரே மாதிரி நடத்தவும் இல்லை. எந்தக் கட்சிக்காரரும் தமக்கு வேண்டியதை இந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா ஒரு சொல் எதிர்பார்த்து வந்தவர். இதையெல்லாம் கேட்டுவிட்டு, “சரி, இந்தப் பிள்ளைக்கு வருமா?” என்று தொடங்கிய இடத்துக்கே திரும்பினார்.

அவருக்கு வரும் வாய்ப்புக் குறைவு என்றேன். 33, 48 என்ற எண்கள் வாழ்நாள் முழுவதற்குமானவை. இருவருக்கும் வருகிற இணைகளில் பெரும்பாலும் முதலாமவர் நோயுற்ற சில ஆண்டுகளுக்குள்ளேயே இரண்டாமவருக்கும் தொடங்கிவிடுகிறது. அண்ணன் நோயுற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. தம்பிக்கு வயது 34, ஆண்களுக்கு மிக ஆபத்தான வயதைக் கடந்துவிட்டார். பூச்சியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மூன்றில் ஒன்று என்ற எண்ணை இனி அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

சொல்லத் தயங்கிய பகுதி அடுத்தது. பேரப்பிள்ளைகள். கொட்டஸ்மனும் டென்மார்க்கின் அக்செல் பெர்டெல்சனும் 1989இல் ஓர் அழகான கேள்வி கேட்டார்கள்: ஒருவர் மட்டும் நோயுற்ற ஒருகரு இரட்டையரின் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது? நோயுற்றவரின் பிள்ளைகளில் 16.8 சதவீதம். நலமாக இருந்தவரின் பிள்ளைகளில் 17.4 சதவீதம். அதாவது நலமாக இருந்தவரும் அதே சுமையைத் தாங்கி, தான் அதை வெளிப்படுத்தாமலே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறார். ஆய்வுக்குட்பட்ட பிள்ளைகள் சில டசின் பேர்தான். அதே ஆண்டு நோர்வேயில் வெளியான இன்னொரு சிறிய ஆய்வில் நலமானவரின் பிள்ளைகளிடம் விகிதம் குறைவாகவே இருந்தது. பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும் ஆறு பிள்ளைகளில் ஐந்துக்கு வராது. தோன்றினாலும் ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் விளைவு வெகுவாக மாறும். முல்லேரியாவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனத்துக்கு 1926 என்ற நேரடித் தொலைபேசி இலக்கமே இருக்கிறது. ‘அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்’ என்று பகிடி விட்டு வளர்ந்த ஊரில் அந்த இலக்கத்தை அழுத்தத்தான் கை நடுங்குகிறது, அதற்குள் கோயில், நூல், மந்திரிப்பு என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. கோயிலுக்குப் போவதில் எனக்கு ஆட்சேபமில்லை, கிளினிக்குக்கும் போக வேண்டும். குடும்பம் கைவிடாமல் வைத்திருப்பதன் பலனையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான்சி வக்ஸ்லர் என்ற ஆய்வாளர் இலங்கையில் உளப்பிளவை நோயாளரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1979இல் எழுதிய கட்டுரையில், மேற்கு நாடுகளைவிட இங்கே நோயாளர் தேறி வேலைக்கும் வீட்டுக்கும் திரும்புவது கூடுதல் என்று கண்டார். அதன் பிறகு அந்த முடிவைப் பற்றி நிறைய விவாதம் நடந்தது வேறு கதை.

அக்கா எழுந்துகொண்டார். கதவருகே போய், “அந்த அண்ணனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டார். கிளினிக் நாட்களில் தம்பிதான் அரைநாள் விடுப்பு எடுத்துக் கூட்டிப்போகிறாராம் என்றேன், தரகர் அல்லாத ஒருவரிடம் விசாரித்தது. ஒன்றும் சொல்லவில்லை, இறங்கிப் போனார்.

மாசி பிறந்த பிறகு படிக்கட்டில் சந்தித்தேன். சம்பந்தம் நின்றுவிட்டதாம். அண்ணனைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அது மரியாதை இல்லையாம். எட்டில் செவ்வாய் என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். தை மாதத்தில் அதே கட்டத்துக்குப் பத்தில் எட்டு என்று எழுதித் தந்தவரும் அதே சோதிடர்தான்.